இந்த சாப்ட்வேரை எந்தக் கம்ப்யூட்டர் தயாரித்தது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்தில் செய்கிற வேலை என்ன? சாப்ட்வேர் சேர்ப்பதுதான். பாட்டு கேட்க ஒன்று, படம் பார்க்க ஒன்று, தமிழில் டைப் செய்ய ஒன்று, பி.டி.எப். பைலைத் திறக்க ஒன்று என்று பத்துப் பதினைந்து சேர்ந்துவிடும். பக்கத்து வீட்டுப் பையன் பென் டிரைவில் கொண்டு வந்து கொடுப்பான். கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரரே "எல்லாம் போட்டுத் தந்திருக்கிறேன் சார்" என்பார். நமக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

சாப்ட்வேர் வாங்கும்போது நாம் வழக்கமாக மூன்று கேள்விகள் கேட்கிறோம். இலவசமா? என் கம்ப்யூட்டரில் ஓடுமா? வைரஸ் இருக்குமா? மூன்றுமே நல்ல கேள்விகள்தான். ஆனால் நான்காவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. இந்த சாப்ட்வேரை எந்தக் கம்ப்யூட்டரில் வைத்துத் தயாரித்தார்கள்? என் கருத்தில் மற்ற மூன்றையும் விட முக்கியமான கேள்வி இதுதான். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சாப்ட்வேருக்கு இரண்டு உருவங்கள் உண்டு. புரோகிராமர் எழுதுவது ஒன்று. அது மனிதர்கள் படிக்கக் கூடிய வரிகளாக இருக்கும். இதை சோர்ஸ் கோடு என்பார்கள். கம்ப்யூட்டர் ஓட்டுவது இன்னொன்று. அது வெறும் எண்களின் குவியல். இதை பைனரி என்பார்கள். முதலாவதை இரண்டாவதாக மாற்றுகிற வேலைக்கு பில்டு என்று பெயர். சமையல் குறிப்பும் சாம்பாரும் போல என்று வைத்துக் கொள்ளுங்கள். குறிப்பைப் படித்துப் பார்த்து, உப்பு அதிகம் என்று சொல்லிவிடலாம். ஆறிப்போன சாம்பாரைக் கையில் வைத்துக் கொண்டு, எந்தக் கிணற்றுத் தண்ணீரில் வைத்தார்கள் என்று சொல்ல முடியாது.

நாம் இன்ஸ்டால் செய்வது எப்போதும் சாம்பாரைத்தான். குறிப்பு சுத்தமாக இருக்கலாம். எழுதியவர் தங்கமான மனிதராக இருக்கலாம். சமைத்த அடுப்படியில் யாராவது எதையாவது கலந்து விட்டால்?

கற்பனை இல்லை. நடந்திருக்கிறது. விண்டோஸ் வைத்திருப்பவர்களில் சி கிளீனர் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. குப்பை பைல்களைத் துடைத்து எறிகிற சாப்ட்வேர். 2017 ஆகஸ்டில் அதன் 5.33 பதிப்பு வெளிவந்தது. கம்பெனியின் சொந்த வெப்சைட்டிலேயே கிடைத்தது. கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்தும் சரியாக இருந்தது. ஆனால் உள்ளே வேறு யாரோ எழுதிய திருட்டு புரோகிராம் ஒன்றும் சேர்ந்தே வந்தது. தாக்கியவர்கள் மாதக்கணக்கில் முன்பே கம்பெனியின் நெட்வொர்க்கில் நுழைந்து, பில்டு செய்யும் கம்ப்யூட்டர் வரை போய்விட்டார்கள். அதனால் கலப்படம் கையெழுத்து போடுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. சுமார் 22 லட்சத்து 70 ஆயிரம் கம்ப்யூட்டர்களில் அந்தப் பதிப்பு ஏறியது. செப்டம்பரில்தான் விஷயம் வெளியே தெரிந்தது. திருடர்கள் உண்மையில் குறி வைத்தது சில பெரிய கம்ப்யூட்டர் நிறுவனங்களை. வீட்டு உபயோகிப்பாளர்கள் தப்பித்தது நம் கெட்டிக்காரத்தனத்தால் அல்ல. அவர்களுக்கு நாம் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

"அதிகாரபூர்வ வெப்சைட்டிலிருந்து மட்டும் டவுன்லோடு செய்யுங்கள்" என்று எல்லோரும் அறிவுரை சொல்கிறோம். நானும் சொல்வேன். நல்ல அறிவுரைதான். ஆனால் அந்த 22 லட்சம் பேரும் அதைத்தானே செய்தார்கள்?

இனி லினக்ஸ் பக்கம் வருவோம். லினக்ஸ் என்பது தனி ஒரு சாப்ட்வேர் அல்ல. ஆயிரக்கணக்கான சாப்ட்வேர்களைச் சேர்த்து, ஒன்றோடு ஒன்று பொருந்தச் செய்து, ஒரே கட்டாகத் தருகிறார்கள். அந்தக் கட்டுக்கு டிஸ்ட்ரிபியூஷன் என்று பெயர். உபுண்டு, பெடோரா, டெபியன் எல்லாம் இப்படிப்பட்ட கட்டுகள். சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸ் கூட இதே ரகம்தான். 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது, விண்டோஸுடன் பாஸ் லினக்ஸையும் போட்டுக் கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? விழுப்புரம், கடலூரிலிருந்து அந்த லேப்டாப்கள் புதுச்சேரிக்கும் நிறைய வந்தன. சர்வீசுக்குத்தான்.

2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-ல் 69,000-க்கும் அதிகமான பேக்கேஜ்கள் இருக்கின்றன. பேக்கேஜ் என்றால், இன்ஸ்டால் செய்யத் தயாராகக் கட்டி வைத்த பொட்டலம். இத்தனை பொட்டலங்களை யார் கட்டுவது? உலகம் முழுவதும் சிதறிக் கிடக்கும் தொண்டர்கள்தான். ஆனால் அவர்கள் தங்கள் வீட்டு லேப்டாப்பில் பைனரியைத் தயாரித்து, "இந்தாருங்கள்" என்று கொடுப்பதில்லை. சோர்ஸை மட்டும் தங்கள் டிஜிட்டல் கையெழுத்துடன் அனுப்புகிறார்கள். பைனரியைத் தயாரிப்பது தானியங்கி பில்டு சர்வர்கள். பில்டு டீமன் என்பதைச் சுருக்கி பில்டுடி என்று அழைக்கிறார்கள்.

இது வேலை செய்கிற விதம் அழகானது. சோர்ஸ் வந்து சேர்ந்தவுடன் ஒரு டேட்டாபேஸில் பதிவாகிறது. இந்த பேக்கேஜ் இன்டெல் வகைக்கு பில்டு ஆக வேண்டும், ஆர்ம் வகைக்கு பில்டு ஆக வேண்டும் என்று ஒவ்வொரு பிராசஸர் வகைக்கும் ஒரு குறிப்பு விழுகிறது. அந்தந்த வகை சர்வர்கள் வரிசையில் நிற்கும் வேலையை எடுத்துக் கொள்கின்றன. முதலில், எதுவுமே இல்லாத ஒரு குட்டி லினக்ஸை புதிதாக உருவாக்கும். துடைத்து விட்ட அறை மாதிரி. பேக்கேஜின் சொந்தக்காரர் "இதை பில்டு செய்ய இன்னின்ன சாமான்கள் வேண்டும்" என்று எழுதிக் கொடுத்திருப்பார். அந்த சாமான்களை மட்டும் அறைக்குள் கொண்டு வரும். ஒன்று கூடாது, ஒன்று குறையாது. பிறகு பில்டு நடக்கும். நடக்கிற ஒவ்வொரு வரியும் லாக் பைலில் பதிவாகும். அந்த லாக் பைலை நீங்களும் நானும் இன்டர்நெட்டில் திறந்து பார்க்கலாம். வேலை முடிந்ததும் அறையையே இடித்துப் போட்டு விடுவார்கள். அடுத்த பேக்கேஜுக்கு வேறு அறை.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதைச் சுலபமாக விளக்கலாம். பிரெஞ்சு சட்டத்தில் நோட்டரி என்பவர், நாம் எழுதி எடுத்துப் போகிற பத்திரத்தில் முத்திரை மட்டும் குத்துகிறவர் அல்லர். பத்திரத்தைத் தானே எழுதுவார். கட்சிக்காரர்கள் அவர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். மூலப் பத்திரம் அவரிடமே இருக்கும். நமக்குக் கிடைப்பது நகல். வீட்டிலேயே எழுதிக் கொண்டு வந்ததை நம்புவதற்கும், மூன்றாம் மனிதர் முன்னிலையில் எழுதியதை நம்புவதற்கும் வித்தியாசம் இருக்கிறது அல்லவா? பில்டு சர்வர் செய்வது அந்த நோட்டரி வேலையைத்தான்.

இந்த ஏற்பாடு ஆரம்பத்தில் பாதுகாப்புக்காக வந்ததில்லை என்பது வேடிக்கை. 1990-களில் பழைய அட்டாரி, அமிகா கம்ப்யூட்டர்களில் இருந்த மோட்டோரோலா 68000 வகை பிராசஸர்களுக்காக டெபியனைத் தயார் செய்தவர்கள், ஒரு பேக்கேஜ் பில்டு ஆகும் வரை நாள் கணக்கில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்க முடியாமல், தானாக வேலை எடுத்துச் செய்கிற புரோகிராமை எழுதினார்கள். சலிப்பில் பிறந்த சாப்ட்வேர். நல்ல சாப்ட்வேர்களில் பாதி இப்படிப் பிறந்ததுதான் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பாதுகாப்புக் காரணம் பிறகுதான் மேலே வந்தது. 2019 ஜூலையில், டெபியன் 10 வெளியான கையோடு, அடுத்த பதிப்புக்குள் நுழைய வேண்டுமானால் பைனரி பில்டு சர்வரில்தான் தயாராகி இருக்க வேண்டும் என்று விதியாக்கினார்கள். தொண்டர் தன் லேப்டாப்பில் செய்த பைனரிக்கு அதோடு கதவு மூடியது.

இதையெல்லாம் படித்துவிட்டு, நாமும் ஒன்று வைத்துப் பார்க்கலாமே என்று நானும் இரண்டு நண்பர்களும் இறங்கினோம். லாஸ்பேட்டையில் என் வீட்டு மாடி அறைதான் இடம். ஆபீஸ் ஒன்றில் கழித்துக் கட்டிய ஐ3 பிராசஸர் கம்ப்யூட்டர், 8 ஜி.பி. ராம், புதிதாக வாங்கிப் போட்ட 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. மானிட்டர் கிடையாது. கீபோர்டு கிடையாது. என் கம்ப்யூட்டரிலிருந்தே நெட்வொர்க் வழியாக இயக்குகிறேன். யு.பி.எஸ். மட்டும் அவசியம். எங்கள் தெருவில் கரண்ட் போகிற நேரத்துக்குக் கணக்கில்லை.

சாப்ட்வேருக்கு ஒரு பைசா செலவில்லை. டெபியனின் பில்டு சர்வர்கள் பயன்படுத்துகிற எஸ்பில்டு என்ற அதே புரோகிராம் நமக்கும் கிடைக்கிறது. பில்டு ஆன பேக்கேஜ்களை அடுக்கி வைக்க ரெப்ரெப்ரோ என்று ஒன்று இருக்கிறது. புதிய சோர்ஸ் வந்திருக்கிறதா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக் கொண்டோம். வந்திருந்தால் கையெழுத்தைச் சரி பார்க்கும். சரியாக இருந்தால் துடைத்த அறையை உருவாக்கி பில்டு செய்யும். நடந்ததை எங்கள் மூவருக்கும் மெயில் அனுப்பும். இவ்வளவுதான். இரண்டு ஞாயிற்றுக் கிழமைகளில் முடிந்தது. பில்டு நடக்கும்போது அந்த அறைக்கு இன்டர்நெட் இணைப்பைத் துண்டித்து வைத்திருக்கிறோம். பாதி வழியில் எதையாவது வெளியிலிருந்து இழுத்துப் போட்டுக் கொள்ளக் கூடாது அல்லவா?

முதல் பரீட்சை நண்பர் ஒருவருடைய புரோகிராமுக்கு. பழைய தமிழ் பான்ட்களில் அடித்து வைத்த கட்டுரைகளை யுனிகோடுக்கு மாற்றுகிற சின்ன புரோகிராம். பாமினி பான்ட்டில் நூற்றுக்கணக்கான பக்கங்களை வைத்துக் கொண்டு தவிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது பெரிய உதவி. நண்பரின் லேப்டாப்பில் ஒரு வருடமாக அருமையாக ஓடுகிற புரோகிராம். பத்துப் பேருக்கு பென் டிரைவில் கொடுத்தும் இருந்தார். எங்கள் சர்வரில் போட்டோம். இரண்டாவது நிமிடத்தில் நின்று விட்டது.

"என் கம்ப்யூட்டரில் ஓடுகிறதே! உங்கள் சர்வரில்தான் ஏதோ கோளாறு" என்றார் நண்பர். லாக் பைலைத் திறந்து காட்டினேன். பைத்தான் லைப்ரரி ஒன்று இல்லை என்று எழுதியிருந்தது. அந்த லைப்ரரியை அவர் எப்போதோ, வேறு எதற்கோ தன் லேப்டாப்பில் இன்ஸ்டால் செய்திருக்கிறார். அவருக்கே மறந்து போயிற்று. அவர் பென் டிரைவில் கொடுத்த பத்துப் பேரில் நான்கு பேர் ஏன் "ஓடவில்லை" என்று சொன்னார்கள் என்பது அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது. கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டிருந்தார். பிறகு தேவைப் பட்டியலில் ஒரு வரி சேர்த்து அனுப்பினார். பில்டு ஆகிவிட்டது.

அந்த ஒரு வரிக்காகவே பில்டு சர்வர் வைக்கலாம் என்பேன். தமிழில் சாப்ட்வேர் எழுதுகிறவர்களுக்குத் திறமை குறைவில்லை. ஆனால் எழுதியதைப் பொட்டலம் கட்டுவதில் அக்கறை இல்லை. ஒரு ஜிப் பைல், உள்ளே ஒரு எக்ஸ்இ பைல், கூடவே "ஆன்டி வைரஸை நிறுத்திவிட்டு இன்ஸ்டால் செய்யவும்" என்று ஒரு குறிப்பு. இப்படி எத்தனை தமிழ் சாப்ட்வேர்கள்! புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவரிடம் ஆன்டி வைரஸை நிறுத்தச் சொல்வதைப் போல மோசமான பழக்கம் வேறில்லை. ஒருமுறை பழகி விட்டால், நாளைக்குத் திருடன் சொன்னாலும் நிறுத்துவார்.

அப்படியானால் எங்கள் சர்வரிலிருந்து நீங்கள் சாப்ட்வேர் எடுத்துக் கொள்ளலாமா? வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆச்சரியமாக இருக்கிறதா? யோசித்துப் பாருங்கள். எங்கள் முகவரியை உங்கள் கம்ப்யூட்டரில் சேர்த்தால், எங்கள் டிஜிட்டல் கையெழுத்து உள்ள எதையும் உங்கள் கம்ப்யூட்டர் கேள்வி கேட்காமல் ஏற்றுக் கொள்ளும். லினக்ஸில் பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகும்போது அதற்கு ரூட் அதிகாரம் கிடைக்கிறது. வீட்டுச் சாவிக் கொத்தையே கொடுப்பது போல. மாடி அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர், நாங்கள் மூன்று பேர். எங்களில் ஒருவர் பாஸ்வேர்டைத் தொலைத்தால் என்ன ஆகும்? டெபியனில் ஆயிரம் கண்கள் பார்க்கின்றன. இங்கே ஆறு கண்கள். அதில் இரண்டுக்கு வெள்ளெழுத்து.

உபுண்டு பயன்படுத்துகிறவர்களுக்கு பி.பி.ஏ. என்று ஒன்று தெரிந்திருக்கும். யார் வேண்டுமானாலும் சோர்ஸ் அனுப்பினால், லாஞ்ச்பேட் என்ற சர்வர் பில்டு செய்து கொடுக்கும். 2007 முதல் இருக்கிற வசதி. நல்ல வசதி. ஆனால் அதில் பலர் ஏமாறுகிறார்கள். "உபுண்டுவின் சர்வரில் பில்டு ஆனது, எனவே பாதுகாப்பானது" என்று நினைக்கிறார்கள். பில்டு சர்வர் சொல்வது ஒன்றே ஒன்றுதான். இந்த சோர்ஸிலிருந்து இந்த பைனரி வந்தது என்று சொல்கிறது. சோர்ஸை எழுதியவர் நல்லவர் என்று சொல்லவில்லை. நோட்டரியும் அப்படித்தானே? பத்திரம் ஒழுங்காக எழுதப்பட்டது என்பார். வாங்குகிறவரின் குணத்துக்கு அவர் பொறுப்பல்ல.

இதற்கு மிகப் பெரிய உதாரணம் 2024-ல் நடந்தது. எக்ஸ்இசட் என்று ஒரு சின்ன சாப்ட்வேர். பைல்களைச் சுருக்குவதுதான் அதன் வேலை. ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும். அதைப் பல வருடங்களாகத் தனி ஒருவராகக் கவனித்து வந்தவருக்கு உதவுவதாக, ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021-ல் வந்தார். இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்தார். 2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு ரகசியக் கதவை வைத்தார். அவர் வைத்த இடத்தைத்தான் கவனிக்க வேண்டும். எல்லோரும் பார்க்கிற சோர்ஸ் கோடில் வைக்கவில்லை. வெளியீட்டுக்காகக் கட்டிக் கொடுத்த பைலில், பில்டு செய்யும்போது ஓடுகிற ஸ்கிரிப்டில் வைத்தார். அந்த ஸ்கிரிப்ட் முதலில் சுற்றும் முற்றும் பார்க்கும். டெபியன் வகை பேக்கேஜாகவோ ஆர்.பி.எம். வகை பேக்கேஜாகவோ பில்டு ஆகிறதா? ஆம் என்றால் மட்டும் விஷத்தைக் கலக்கும். சாதாரணமாக யாராவது வீட்டில் பில்டு செய்து பார்த்தால் சாதுவாக இருக்கும்.

அதாவது பில்டு சர்வர்களையே குறி வைத்துச் செய்த வேலை. நோட்டரி ஆபீசுக்குள் வந்ததும் மட்டும் எழுத்து மாறுகிற மை!

ஆண்ட்ரெஸ் ப்ராயிண்ட் என்ற புரோகிராமர் வேறு ஏதோ அளந்து கொண்டிருந்தபோது, வேறொரு கம்ப்யூட்டரில் லாகின் ஆக அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை விநாடிதான்! விடாமல் துருவி, மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார். டெபியனின் சோதனைப் பதிப்புகளில் அது நுழைந்திருந்தது. நிலையான பதிப்புக்கு வரவில்லை. வரவிருந்த டெபியன் 12.6 வெளியீட்டைத் தள்ளி வைத்து, ஜூன் கடைசியில்தான் விட்டார்கள்.

இதைப் பார்த்தபின், "பார்த்தீர்களா, பில்டு சர்வரும் பிரயோஜனமில்லை" என்று சொன்னவர்கள் உண்டு. நான் ஒத்துக் கொள்ள மாட்டேன். சோர்ஸ், பில்டு ஸ்கிரிப்ட், லாக் எல்லாம் திறந்து கிடந்ததால்தான் ஒரு தனி மனிதர் அந்த ரகசியக் கதவைக் கண்டுபிடிக்க முடிந்தது. சி கிளீனர் விஷயத்தில் கம்பெனிக்கு உள்ளே போய்ப் பார்க்க நமக்கு வழியே இல்லை. சொன்னதை நம்பிக் கொண்டோம். திறந்த அடுப்படியிலும் பல்லி விழலாம். விழுந்தது தெரியும்.

இப்போது இன்னொரு படியும் ஏறியிருக்கிறார்கள். ஒரே சோர்ஸை இரண்டு வெவ்வேறு கம்ப்யூட்டர்களில் பில்டு செய்தால், ஒரு பிட் கூட மாறாமல் ஒரே பைனரி வர வேண்டும் என்ற முயற்சி. டெபியனில் 2013 முதல் நடக்கிறது. இது கேட்க எளிது. செய்வது கஷ்டம். பில்டு செய்த நேரத்தை பைனரிக்குள் எழுதி வைக்கிற புரோகிராம்கள் நிறைய. காலையில் செய்ததும் மாலையில் செய்ததும் வேறாகிவிடும். போல்டர் பெயர், பைல்களின் வரிசை என்று இன்னும் பல தொல்லைகள். இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் களைந்து வருகிறார்கள். களைந்து விட்டால், ஒரு பில்டு சர்வரைத் திருடன் பிடித்தாலும் போதாது. உலகத்தில் வேறு எந்த மூலையில் பில்டு செய்து பார்த்தாலும் குட்டு வெளிப்படும். எங்கள் மாடி அறைக் கம்ப்யூட்டருக்கும் அப்போது ஒரு வேலை கிடைக்கும். உங்களுக்கு சாப்ட்வேர் கொடுக்கும் வேலை அல்ல. டெபியன் கொடுத்தது சரியா என்று பார்க்கும் வேலை. சின்ன பேக்கேஜ்கள் சிலவற்றில் நாங்கள் செய்தும் பார்த்தோம். தமிழ் பான்ட் பேக்கேஜ் ஒன்று ஒரு நிமிடத்துக்குள் பில்டு ஆகி, டெபியனில் இருப்பதோடு அப்படியே ஒத்துப் போனது. எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தை என் மனைவிக்கு விளக்க முயன்று தோற்றேன்.

பில்டு சர்வர்களுக்குச் செலவும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. ஒவ்வொரு பிராசஸர் வகைக்கும் தனி சர்வர்கள், பார்த்துக் கொள்ள ஆட்கள், கரண்ட். ஆட்கள் குறைந்தால் அந்த வகையைக் கைவிட வேண்டியதுதான். டெபியன் 13 முதல் பழைய 32 பிட் இன்டெல் கம்ப்யூட்டர்களுக்கு இன்ஸ்டால் சி.டி. இமேஜும் கெர்னலும் வருவதில்லை. பென்டியம் 4 கம்ப்யூட்டரைப் பிள்ளை மாதிரி பார்த்து வருகிற நண்பர்கள் என்னிடம் கோபப்பட்டார்கள், நான்தான் நிறுத்தியது போல. வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் யாரும் சரியாகப் பார்க்காத பில்டு, இல்லாத பில்டை விட ஆபத்து. நிறுத்தியது சரிதான் என்பது என் எண்ணம்.

அரசாங்கம் கொடுக்கிற கம்ப்யூட்டர்கள் விஷயத்தில் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. மாணவர்களுக்கும் ஆபீசுகளுக்கும் எந்த லினக்ஸைப் போட்டுக் கொடுத்தாலும், அதில் உள்ள ஒவ்வொரு பேக்கேஜும் எங்கே, எப்போது, எந்த சோர்ஸிலிருந்து பில்டு ஆனது என்ற லாக் பொது மக்கள் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்பதை டெண்டரிலேயே ஒரு நிபந்தனையாகப் போட வேண்டும். எத்தனை ஜி.பி. ராம், எத்தனை இன்ச் திரை என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்களே. கூட இரண்டு வரி எழுதினால் பேப்பர் தீர்ந்துவிடாது.

சரி, வீட்டில் உட்கார்ந்திருக்கிற நீங்கள் இன்றைக்கு என்ன செய்யலாம்? லினக்ஸ் என்றால் முடிந்தவரை டிஸ்ட்ரிபியூஷனின் சொந்தக் களஞ்சியத்தில் இருப்பதையே பயன்படுத்துங்கள். தமிழுக்கு அதில் நிறைய இருக்கிறது. லோகித் தமிழ் பான்ட், தமிழ்99 உள்ளிட்ட கீபோர்டு முறைகளைத் தரும் எம்17என், ஸ்கேன் செய்த பக்கத்திலிருந்து தமிழ் எழுத்துக்களைப் படிக்கும் டெசராக்ட் எல்லாமே உண்டு. ஏற்கனவே உள்ள ஒரு சாப்ட்வேர் எங்கிருந்து வந்தது என்று பார்க்க, டெர்மினலைத் திறந்து ஆப்ட் பாலிசி என்ற கமாண்டையும் பேக்கேஜின் பெயரையும் டைப் செய்யுங்கள். வரும் பட்டியலில் டெபியன் அல்லது உபுண்டு சர்வரின் முகவரி தெரிந்தால் நல்லது. முகவரியே இல்லாமல் உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள ஸ்டேட்டஸ் பைல் மட்டும் தெரிந்தால், யாரோ கையால் கொண்டு வந்து போட்டது என்று அர்த்தம். யார் என்று விசாரியுங்கள்.

விண்டோஸ் என்றால் இந்த அளவுக்கு உள்ளே போய்ப் பார்க்க முடியாது. டவுன்லோடு செய்த பைலில் ரைட் கிளிக் செய்து, புராபர்ட்டீஸ் போய், டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் டேபில் யார் கையெழுத்து என்று பாருங்கள். அந்த டேபே இல்லை என்றால் பைலின் மேல் கையெழுத்தே இல்லை. பென் டிரைவில் வந்த பைல் என்றால் இன்னும் இரண்டு மடங்கு யோசியுங்கள். கடைக்காரர் போட்டுத் தந்த "எல்லாம்" என்ற பட்டியலையும் ஒருமுறை மேலிருந்து கீழ் வரை படித்துப் பாருங்கள். பெயர் தெரியாதவை எத்தனை என்று எண்ணுங்கள்.

பேக்கேஜ் வேலையில் ஆசை உள்ளவர்களுக்கு நம் பக்கத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள். புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள், வன்பொருள் இயக்கமான எப்.எஸ்.எச்.எம்., விழுப்புரத்தில் வி.ஜி.எல்.யூ.ஜி. என்ற லினக்ஸ் பயனர் குழு. 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் மினி டெப்கான்ப் நடந்தது. அதே வருடம் செப்டம்பரில் டெபியனின் உலக மாநாடு கொச்சியில் நடந்தது. இதற்காக அமெரிக்கா போக வேண்டிய காலம் இல்லை இது. விழுப்புரத்துக்கு இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்.

நண்பரின் பான்ட் மாற்றும் புரோகிராம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எங்கள் சர்வரில் ஒன்பது முறை தோற்று, பத்தாவது முறை எச்சரிக்கை எதுவும் இல்லாமல் பில்டு ஆனது. இப்போது டெபியனில் சேர்க்கச் சொல்லி விண்ணப்பித்திருக்கிறார். பொறுப்பேற்று உள்ளே எடுத்துச் செல்ல டெபியன் டெவலப்பர் ஒருவர் வேண்டும். காத்திருக்கிறோம். அதுவரை பென் டிரைவில் கேட்டு வருகிறவர்களுக்கு நண்பர் சோர்ஸைத்தான் கொடுக்கிறார். எப்படி பில்டு செய்வது என்று கூடவே ஒரு பக்கம் எழுதியும் வைத்திருக்கிறார்.